ஓலையில் முடைந்த பரிசு

நுழையும்முன்

பரிசுப்பொருளை விலைகொடுத்து வாங்குவது ஒரு வழி. நம் கையால் ஆக்கிக் கொடுப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழிக்குப் பணம் மிகுதியாகத் தேவையில்லை. பொழுதும் பொறுமையும் தேவை. பனையோலைப் பெட்டி ஒன்றை வீட்டிலேயே முடைந்து பரிசாக்கும் முறையையும், அதன் செலவைக் கணக்கிடும்போது எழும் ஒரு வினாவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளில் திருமணம் முதலிய விழாக்களின்போது உறவினர்க்கு வழங்கும் பொருள்களை வெறுங்கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. குருத்தோலையால் முடைந்த சிறு கூடையில் வைத்துக் கொடுப்பது வழக்கம். அக்கூடைக்குக் கொட்டான் என்று பெயர். அதன் அடி சதுரமாகத் தொடங்கும். வாய் வட்டமாக முடியும். வண்ணம் ஏற்றிய ஓலைகளை இடையிடையே சேர்த்தும், விளிம்பில் மணிகளையும் நூற்பின்னலையும் தைத்தும் அதனை அழகுபடுத்துவர். இக்கொட்டான்களைக் கடையில் வாங்கியவர்கள் குறைவு. அவ்வீட்டு ஆச்சிமார்களே பகற்பொழுதில் வளவில் அமர்ந்து முடைந்தனர். எனவே, பரிசு உள்ளே இருந்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதனைத் தாங்கிய கொட்டானும் பரிசாகவே இருந்தது.

பின்னர் எவர்சில்வர்த் தூக்குகளும் நெகிழிக் கூடைகளும் வந்தன. அவை கழுவ எளியவை, நெடுநாள் உழைப்பவை, எங்கும் கிடைப்பவை. கொட்டான் முடைவோர் அருகினர். ஒரு கட்டத்தில் இக்கலையை முழுமையாக அறிந்தவர்கள் முதியோர் சிலரே என்னும் நிலை ஏற்பட்டது. விசாலாட்சி இராமசாமி தோற்றுவித்த எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை, அப்பகுதியின் சிற்றூர்ப் பெண்களுக்கு இதனைப் பயிற்றுவித்து மீட்டெடுத்தது. இன்று 'செட்டிநாட்டுக் கொட்டான்' புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்று. ஆயினும், குறியீடு பெற்றதனால் மட்டும் ஒரு கலை வீடுகளுக்குத் திரும்பிவிடுவதில்லை. யாரேனும் ஒருவர் ஓலையைக் கையில் எடுத்தாக வேண்டும்.

ஓலையும் அதன் இயல்பும்

முடைவதற்கு ஏன் பனையோலை? இவ்வினாவிற்குத் தாவரத்தின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வன்மை உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மை உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. ஓலை, மடல், ஈர்க்கு போன்ற உறுப்புப் பெயர்களைப் புல்லினத்திற்கு உரியவையாகக் கூறுகிறது. இப்பகுப்பின்படி பனை, நாம் பேச்சு வழக்கில் மரம் என்று சொன்னாலும், புல்லினத்தைச் சேர்ந்தது. இன்றைய தாவரவியலும் பனையை நெல், மூங்கில் ஆகியவற்றோடு ஒருவித்திலைத் தாவரங்களுள் வைக்கிறது. இத்தாவரங்களின் இலை நரம்புகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. மாவிலையைக் கிழித்தால் அது கோணல்மாணலாகக் கிழியும். பனையோலையைக் கிழித்தால் நுனிவரை ஒரே நேர்க்கோட்டில் பிளக்கும். முடைதற்கலை முழுவதும் இந்த ஒரு பண்பின்மீதே நிற்கிறது.

ஓலையின் பருவத்திற்கேற்ப அதன் பெயரும் பயனும் மாறுகின்றன. விரியாமல் நிமிர்ந்து நிற்பது குருத்தோலை. வெண்மஞ்சள் நிறமும் மென்மையும் கொண்ட இதுவே நுண்ணிய வேலைகளுக்கு ஏற்றது. விரிந்து சற்று முற்றியது சாரோலை. பாய்க்கும் பெரிய பெட்டிகளுக்கும் உதவும். காய்ந்து தொங்குவது காவோலை. அது வேலிக்கும் அடுப்புக்கும் போகும். யாழ்ப்பாணத்தார் ஓலைப் பின்னலைப் பன்னவேலை என்பர். பெட்டி முடைதலைப் பெட்டி இழைத்தல் என்பர். ஒரே மரத்தின் ஓலைக்கு இத்தனை சொற்கள் இருப்பது, எத்தனை கைகள் அதில் பழகியிருந்தன என்பதைக் காட்டுகிறது.

குருத்தோலையை வெட்டும்போது கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பனைக்கு வளரும் முனை ஒன்றே. கிளைக்கும் மரங்களைப் போல ஒரு கொம்பை இழந்து மறு கொம்பில் தழைக்க அதனால் இயலாது. நடுக்குருத்தின் அடிப்பகுதியில் வெட்டு விழுந்தால் மரமே பட்டுப்போகும். ஒரு பனை ஏறத்தாழ மாதத்திற்கு ஓர் ஓலையே விடும். ஆகவே, மரம் அறிந்தவர் வெட்டித்தரும் ஓலையைப் பெறுவதே முறை. விழாவிற்கு வேண்டும் என்று கண்ட மரத்தில் ஏறிக் குருத்தை இழுப்பது பரிசுக்காக ஒரு மரத்தைப் பலியிடுவதாகும்.

திண்ணையே பட்டறை

இதற்கென ஒரு தனியறையோ விலையுயர்ந்த கருவிகளோ வேண்டா. நிழலுள்ள திண்ணை அல்லது கூடத்தின் ஒரு மூலை போதும். கூரிய சிறு கத்தி, கத்தரிக்கோல், அளவுகோல், ஒரு வாளித் தண்ணீர், பழைய பருத்தித் துணி, துணி உலர்த்தும்போது மாட்டும் கிளிப்புகள் பத்துப் பன்னிரண்டு ஆகியவை இருந்தால் பட்டறை அமைந்துவிடும். இவற்றுள் ஏளனமாகத் தோன்றும் கிளிப்புகளே தொடக்க நிலையில் பேருதவி புரிபவை. பழகிய கை பத்து விரல்களாலும் ஓலையை அடக்கிப் பிடிக்கும். பழகாத கைக்கு இருபது விரல்கள் இருந்தாலும் போதா.

குருத்தோலையின் இதழ்களைப் பிரித்து, நடுவே ஓடும் ஈர்க்கை நீக்கி, இரு பாதிகளாக்கிக்கொள்ள வேண்டும். ஈர்க்கைத் தூக்கி எறிய வேண்டா. பின்னலுக்கு இடையே வழி உண்டாக்க அதுவே நல்ல ஊசியாகும். பாதிகளை வெயிலில் உலர்த்தினால் பச்சை நிறம் நீங்கி வெளிர்மஞ்சள் ஏறும். உலர்ந்த ஓலை முறியும் தன்மையது. ஆதலின், முடைவதற்குமுன் சிறிதுநேரம் நீரில் நனைத்து, பின் ஈரத்துணியில் சுருட்டி வைக்க வேண்டும். ஓலை ஈரமாக இருக்கலாம்; நீர் சொட்டக்கூடாது. நீரை உறிஞ்சிய ஓலை பருக்கும், உலரும்போது சுருங்கும். சொட்டச்சொட்ட நனைந்த ஓலையில் முடைந்த பெட்டி மாலையில் நெருக்கமாகக் காணப்பட்டு, மறுநாள் காலையில் சல்லடையாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். முதன்முறை முடைபவர் அனைவரும் இத்தவற்றைச் செய்கின்றனர், நானும் செய்திருக்கிறேன்.

அடுத்தது ஓலையைச் சம அகலமான பட்டைகளாகக் கிழித்தல். பட்டைகளின் அகலம் மாறுபட்டால் பெட்டி ஒருபக்கம் சாயும். மரத்துண்டு ஒன்றில் ஒரு செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசிகளை நன்கு பதித்து, அவற்றின் கூர்முனைகளின் ஊடாக ஓலையை இழுத்தால், நரம்போட்டம் நேராக இருப்பதனால் ஒரே அகலமுள்ள பட்டை கிடைக்கும்.

பின்னல்

மூடியுடைய சிறு பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு செ.மீ. அகலமும் 45 செ.மீ. நீளமும் உள்ள பட்டைகள் 16 தேவை. எட்டுப் பட்டைகளைப் பலகைமீது நெடுக்காக, இடைவெளியின்றி அடுக்க வேண்டும். மற்ற எட்டையும் ஒன்றன்மேல் ஒன்றன்கீழ் என நுழைத்துக் குறுக்காகப் பின்ன வேண்டும். முதற்பட்டை எவற்றின் மேலே சென்றதோ, அவற்றின் கீழே அடுத்த பட்டை செல்லும். பின்னல் பட்டைகளின் நடுப்பகுதியில் அமைய வேண்டும். முடிவில் 8 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரமும், அதன் நாற்புறமும் எட்டெட்டாக நீளும் 32 முனைகளும் இருக்கும்.

இவ்விடத்தில்தான் கற்போர் பலர் தடுமாறுவர். இந்தச் சதுரத்தின் நான்கு மூலைகள் பெட்டியின் மூலைகள் ஆவதில்லை. சதுரத்தின் பக்கங்களுடைய நடுப்புள்ளிகளே பெட்டியின் மூலைகள் ஆகின்றன. ஒரு பக்கத்தில் நீளும் எட்டு முனைகளுள் நடுவில் உள்ள நான்காவதையும் ஐந்தாவதையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு இறுக்கினால், தட்டையாகக் கிடந்த ஓலை அங்கே மடிந்து எழுந்து நிற்கும். தொடர்ந்து அப்பக்கத்து இடப்புற நான்கையும் வலப்புற நான்கையும் ஒன்றோடொன்று பின்னினால் ஒரு மூலை உருவாகும். கிளிப்பை மாட்டிவிட்டு, பெட்டியைத் திருப்பி, அடுத்த மூன்று பக்கங்களிலும் இவ்வாறே செய்ய வேண்டும். பலகைமேல் கிடந்த பின்னல் கையில் கிண்ணமாகக் குவியும் அந்த நொடி, எத்தனை பெட்டி முடைந்தவருக்கும் சலிப்பதில்லை.

வடிவியல் பயிலும் மாணவர் இதனைச் சரிபார்க்கலாம். சதுரத்தின் நடுப்புள்ளிகளை இணைத்தால் உள்ளே மற்றொரு சதுரம் சாய்வாக அமையும். அதன் பரப்பு வெளிச்சதுரத்தில் பாதி. 8 செ.மீ. பக்கமுள்ள பின்னலின் பரப்பு 64 ச.செ.மீ.; பெட்டியின் அடிப்பரப்பு 32 ச.செ.மீ.; ஆகவே, அடியின் பக்கம் ஏறத்தாழ 5.7 செ.மீ. எஞ்சிய பாதி எங்கே போயிற்று? நான்கு முக்கோணங்களாக மடிந்து நான்கு சுவர்களின் தொடக்கமாயிற்று. ஓலை முடைந்த மூதாட்டியர் இக்கணக்கை எழுதிப் பார்த்தவர்கள் அல்லர். ஆனால், இத்தனை பட்டைக்கு இவ்வளவு பெட்டி என்பதைச் சொல்லத் தயங்கியவர்களும் அல்லர்.

சுவர்களில் பட்டைகள் நேராக ஏறுவதில்லை. பாதி வலப்பக்கமாகவும் பாதி இடப்பக்கமாகவும் சாய்ந்து ஏறுகின்றன. பெட்டியைச் சுற்றிச்சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் பட்டைகளைக் கீழ்நோக்கி நெருக்கிக்கொண்டே வர வேண்டும். உயரம் 6 செ.மீ. அளவை எட்டியதும் நிறுத்தி, பெட்டியை ஒருநாள் நிழலில் உலரவிட்டு, மீண்டும் ஒருமுறை நெருக்க வேண்டும். சுருக்கத்தினால் தோன்றிய இடைவெளிகள் இதனால் மறையும். பொறுமையற்றவர்கள் விட்டுவிடும் படி இதுவே.

இனி விளிம்பு. வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறிய பட்டையை விளிம்பில் வெளிப்புறமாக மடித்தால், அது வலப்பக்கமாகவே கீழிறங்கும். இடப்பக்கமாக ஏறிய ஒரு பட்டையின்மேல் சரியாகப் படியும். ஈர்க்கினால் வழி உண்டாக்கி, அப்பட்டை செல்லும் தடத்திலேயே இதனையும் நுழைத்துக்கொண்டு போக வேண்டும். அவ்வாறே இடப்பக்கமாக ஏறியவற்றையும் மடித்து இறக்க வேண்டும். 32 முனைகளும் இறங்கி முடிந்ததும் பெட்டி இரட்டைச் சுவருடையதாகிவிடும். எஞ்சிய நுனிகளை ஒரு பின்னலின் அடியில் மறையுமாறு நறுக்கிவிடலாம். பசை இல்லை, நூல் இல்லை, ஆணி இல்லை. ஓலையை ஓலையே பிடித்துக்கொள்கிறது. மூடிக்கும் இதே முறைதான். உயரம் குறைவு என்பதால் பட்டையின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பெட்டிமேல் பொருந்துவதற்காக அகலத்தை மட்டும் ஒரு மி.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும்.

வண்ணம் சேர்க்க விரும்புவோர், முடைவதற்குமுன் பட்டைகளைச் சாயநீரில் கொதிக்கவைத்து உலர்த்தலாம். மஞ்சளில் தோய்த்த ஓலை தொடக்கத்தில் பளிச்சென்று இருந்தாலும் வெளிச்சத்தில் விரைவில் வெளிறும். நெடுக்குப் பட்டைகள் எட்டும் சிவப்பாகவும் குறுக்குப் பட்டைகள் எட்டும் இயல்பு நிறமாகவும் இருந்தால், பெட்டியின் எதிரெதிர் மூலைகள் இரண்டில் முழுச்சிவப்புச் சாய்சதுரங்களும், மற்ற இரண்டில் வெண்மஞ்சள் சாய்சதுரங்களும், அவற்றின் இடையே கட்டங்களும் தாமாகவே அமையும். இதனை யாரும் வரைவதில்லை. பட்டைகள் சந்திக்கும் வரிசையே கோலமாகிறது.

செலவும் விலையும்

ஒரு குருத்தோலையில் ஏறத்தாழ 60 முதல் 80 இதழ்கள் இருக்கும். ஓர் இதழ் இரு பட்டைகள் தரும். பெட்டிக்கும் மூடிக்கும் சேர்த்து 32 பட்டைகள், அதாவது 16 இதழ்கள் போதும். எனவே, ஒரே குருத்திலிருந்து மூடியுடைய பெட்டிகள் மூன்றேனும் செய்யலாம். பனையுள்ள ஊரில் இதைவிடக் குறைந்த பொருட்செலவில் ஒரு பரிசு அமைவது அரிது.

ஆனால், மலிவு என்னும் சொல்லை இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பெட்டிக்குப் பொருட்செலவு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழகாதவர் அதனை முடைய 6 மணி நேரம் ஆகலாம். மணிக்கு 50 ரூபாய் என்று மிகக் குறைவாகக் கூலி வைத்தாலும் உழைப்பின் மதிப்பு 300 ரூபாய். பெட்டியின் அடக்கவிலை 320 ரூபாய். தேர்ந்த கைக்கு 2 மணி நேரம் போதும் என்றால் அடக்கவிலை 120 ரூபாய். பரிசாகக் கொடுப்பவர் இந்தக் கூலியை யாரிடமும் கேட்பதில்லை. அதனாலேயே கையால் செய்த பரிசு மலிவாகத் தோன்றுகிறது. உண்மையில் அதன் பெரும்பகுதி பணத்தால் செலுத்தப்படாமல் பொழுதால் செலுத்தப்பட்டிருக்கிறது. பெறுபவர் 20 ரூபாய்ப் பொருளைப் பெறவில்லை; ஒருவருடைய வாழ்நாளில் ஆறு மணி நேரத்தைப் பெறுகிறார்.

இதே பெட்டி சந்தைக்குச் செல்லும்போது கணக்கு முற்றிலும் வேறாகிவிடுகிறது. மணப்பாடு, பழவேற்காடு போன்ற கடற்கரை ஊர்களில் ஓலைப்பொருள்கள் முடைவதையே வருவாய்க்கு வழியாகக் கொண்ட பெண்கள் உள்ளனர். அவர்களுடைய பெட்டியைக் கையில் எடுத்து, "வெறும் ஓலைக்கு இவ்வளவா?" என்று வினவும்போது, நாம் ஓலையை மட்டும் எண்ணி, பொழுதை எண்ணாமல் விடுகிறோம். பொழுதுபோக்காக முடையத் தொடங்கியவர்களும் தம்மை அறியாமல் இவர்களுக்கு ஊறு செய்வதுண்டு. பழகிய கை வந்ததும், நான்கு பெட்டிகளைப் பள்ளிக் கண்காட்சியிலோ தெருமுனையிலோ பொருட்செலவோடு பத்து ரூபாய் சேர்த்து விற்றுவிடுகின்றனர். அவர்களுக்கு அது மகிழ்ச்சி. உலைக்கு அரிசி வாங்க முடைபவருக்கோ அந்த விலையே பகையாகிறது. பரிசாகக் கொடுப்பதானால் விலையே வேண்டா. விற்பதானால் முழுக்கூலியையும் சேர்த்தே விலை வைக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை நடைமுறையில் உள்ளது. அதன்பின் ஓலைப்பெட்டிகளைத் தேடுவோர் பெருகினர் எனில் அது நன்றே. எனினும், நெகிழியின் விலையிலேயே ஓலையும் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. நெகிழியை இயந்திரம் நொடியில் வார்த்துத் தள்ளுகிறது. ஓலையை மடிக்கும் இயந்திரமாக இருப்பது ஒரு பெண்ணின் முதுகும் விரல்களும்.

கொடுக்கும் முன்

முடிந்த பெட்டியை இரண்டு மூன்று நாள்கள் மூடியைத் திறந்தபடி காற்றில் வைக்க வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் கரும்பூஞ்சை படியும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முடைவோர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். பூஞ்சை படிந்துவிட்டால், உலர்ந்த துணியால் துடைத்து இளவெயிலில் வைக்கலாம்; நீரில் கழுவுவது கேட்டை மிகுவிக்கும். நன்கு உலர்ந்த பெட்டி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதன் நிறம் மட்டும் மெல்ல மெல்லத் தேன்நிறமாக மாறிக்கொண்டே போகும்.

பெட்டிக்குள் என்ன வைப்பது என்னும் கேள்வி எஞ்சியுள்ளது. அண்டை வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக்கூட வெறுமையாகத் திருப்பித் தராத வழக்கம் நம்முடையது. கைப்பிடிச் சர்க்கரையாவது அதில் போட்டுத்தான் தருவோம். ஆகவே, வெறும் பெட்டியைக் கொடுக்கக் கூடாது. அடி 5.7 செ.மீ., உயரம் 6 செ.மீ. உள்ள இப்பெட்டியில் இரண்டு கைப்பிடி பனங்கற்கண்டு கொள்ளும். ஓலை தந்த அதே பனை தந்த பொருள் அது. இரண்டு மூன்று ஏலக்காய்களையும் உடன் போட்டு மூடிவைத்தால், திறப்பவர்க்கு முதலில் வந்து சேர்வது ஏலக்காயின் மணமும், அதன் பின்னே மெல்ல எழும் உலர்ந்த ஓலையின் மணமுமாக இருக்கும்.